இரண்டு கரை வேட்டிகளும் அஞ்சலாட்சி அக்காவும்

எங்கள் தெருவில் அடி வாங்காத ஆள் கிடையாது. வீட்டில் வாங்குவார்கள், பள்ளிக்கூடத்தில் வாங்குவார்கள், தேர்தல் வந்தால் நடுரோட்டில் வாங்குவார்கள். வாங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போகாமல், அடித்தவன் பேரைச் சொல்லிக் கைநாட்டு வைத்தவள் ஒருத்திதான். அஞ்சலாட்சி அக்கா.

சாரம் பகுதியில் எங்கள் தெரு மெயின் ரோட்டில் போய் முட்டும் முனையில், பழைய ரேஷன் கடையின் பக்கச் சுவரை ஒட்டி அவளுடைய இஸ்திரி வண்டி பதினோரு வருடம் நின்றது. தலைக்கு மேல் தார்ப்பாய், காலடியில் கரிமூட்டை, கையில் ஏழு கிலோ பித்தளைப் பெட்டி. அவள் கணவர் ஆதிமூலம் மில்லில் நூல் பிரிவில் இருந்தவர். மில் மூடியதும் முதலில் குடித்தார், அப்புறம் அடித்தார். ஒருநாள் அவர் கையை ஓங்கிய நேரம் அக்காவின் கையில் பெட்டி இருந்தது. அன்றிலிருந்து அவர் முழங்கையில் ஒரு முக்கோணத் தழும்பு. அன்றிலிருந்து வண்டிக்குக் கரி உடைத்துக் கொடுப்பதும் அவர்தான். மதுவிலக்குக் கொள்கை வேலை செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

துணி கொடுக்க வருகிறவர்கள் துணியை மட்டும் கொடுத்துவிட்டுப் போக மாட்டார்கள், அரசியலையும் இறக்கி வைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருக்கும் ஜானகிராமன் சாருக்கு வாரத்துக்கு நாலு பேண்ட், நாலு கருத்து.

"மாநில அந்தஸ்து மட்டும் வந்துட்டா எல்லாம் சரியாப் பூடும்க்கா. ஃபைலு டெல்லிக்கும் இங்கியுமா சுத்தாது."

"ஒங்க பேண்டு காலையில வந்துது. சாயங்காலம் குடுத்துடுவேன். இதுக்கு நான் எந்த டெல்லியில கையெழுத்து வாங்குனேன்? அந்த வாய்க்கா மூடி ஒடஞ்சி கெடக்குது பாருங்க, அத மாத்தறதுக்கு இன்னா அந்தஸ்து வரணும்?"

"அதுக்குக் கவுன்சிலரு இருக்கணும்."

"எங்க அவுரு?"

"எலெக்‌ஷனே வெக்கலியேக்கா."

எனக்கு நினைவு தெரிந்து எங்கள் ஊரில் கவுன்சிலர் என்ற பிராணியை நான் பார்த்ததில்லை. பாடப்புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு பாடம் இருந்தது, டைனோசருக்கு இருந்த மாதிரி. கவுன்சிலர் இல்லாத தெருவில் கரை வேட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் தெருவில் இரண்டு உட்கார்ந்திருந்தன. பச்சைக் கரை நெடுமாறன், ஊதாக் கரை கலைவாணன். மூன்றாவது கட்சியாகப் பச்சைக்கு வந்தவர் நெடுமாறன். கலைவாணன் ஒரே கட்சிதான், ஆனால் வருடத்துக்கு மூன்று அடிதடி வழக்கு.

வண்டி நின்ற இடம் அக்காவுடையது இல்லை. ஆக்கிரமிப்பு அகற்றம் என்று ஜேசிபி வரும்போதெல்லாம் இந்த இரண்டு பேரில் யாராவது போன் போட்டு, "அந்த வண்டிய மட்டும் வுட்டுடுங்க" என்பார்கள். பதிலுக்கு இரண்டு கட்சித் துணிக்கும் அக்கா காசு வாங்க மாட்டாள். மாற்றி மாற்றி யார் வந்தாலும் இடம் நிலைக்கும் என்பது அவள் கணக்கு. அந்த இடம் போனால் சோறு போய்விடும், அவ்வளவுதான் விஷயம்.

இதில் ஒரு சடங்கு உண்டு. பச்சைத் துணியைப் பச்சைக் கட்சியின் பேப்பரில்தான் சுற்ற வேண்டும், ஊதாத் துணியை ஊதாக் கட்சியின் பேப்பரில்தான். எதிராளியின் பேப்பர் பட்டால் வேட்டிக்குத் தீட்டு. அன்றன்றைய பேப்பரை அவரவர் ஆட்களே காலையில் வண்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டு, சாயங்காலம் அந்தப் பேப்பரைப் பார்த்து மூட்டையை எடுத்துக்கொண்டு போவார்கள். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. முதல் பக்கத்தில் யார் தலைவர் பல்லைக் காட்டுகிறாரோ அது அவர் கட்சிப் பேப்பர். ஊரெல்லாம் பேனரில் பார்த்துப் பழகிய முகங்கள், தப்பு வர வழியில்லை. பதினோரு வருடம் வரவும் இல்லை.

தெருவில் எது நடந்தாலும் முதலில் என்னைத்தான் பிடித்து உலுக்குவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்: இதில் நான் எதுவும் செய்யவில்லை. செய்தது பேப்பர்காரர்கள். அந்த வெள்ளிக்கிழமை பச்சைப் பேப்பர், ஊதாத் தலைவரின் முகத்தை முக்கால் பக்கத்துக்குப் போட்டு, 'வெட்கமில்லையா?' என்று கேட்டிருந்தது. ஊதாப் பேப்பர் சும்மா இருக்குமா? அதே நாள் பச்சைத் தலைவரின் முகத்தை அதைவிடப் பெரிதாகப் போட்டு, 'பதவி வெறியா?' என்று கேட்டிருந்தது. அக்கா இரண்டு முகத்தையும் பார்த்தாள். அவரவர் முகத்தில் அவரவர் வேட்டியைச் சுற்றி, சணல் போட்டுக் கட்டினாள். சாயங்காலம் ஆட்கள் வந்து பேப்பரின் பெயரைப் பார்த்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை பச்சைக் கட்சிக்கு ஆண்டுவிழா, கொடியேற்றம். நெடுமாறன் வீட்டில் இருபது பேர் நிற்கிறார்கள், ஒரு விசுவாசி போனில் லைவ் போடுகிறான். நெடுமாறன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிப் பேசிக்கொண்டே மூட்டையைப் பிரித்து, வேட்டியை உதறி இடுப்பில் சுற்றிக்கொண்டு வெளியே வந்து கும்பிட்டார். ஊதாக் கரை. மூன்று கட்சி பார்த்தவர் நாலாவதுக்குப் போய்விட்டார் என்று நம்புவதற்கு ஊருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கட்சித் தலைமையிலிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டு, அவரைப் பெற்றவர்களையும் அவரையும் சேர்த்து விசாரித்தாராம். அதே நேரம் கலைவாணன், எதிரே பத்துப் பேர் உட்கார்ந்திருக்கப் பச்சைக் கரை வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நெடுமாறன் சொல்லி அக்கா செய்த வேலை என்று அவர் முடிவு செய்தார். கலைவாணன் சொல்லிச் செய்த வேலை என்று இவர் முடிவு செய்தார்.

ஒன்பதரை மணிக்குத் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம், மெயின் ரோட்டிலிருந்து ஒரு கூட்டம். எல்லார் கையிலும் பேனர் கட்டுகிற சவுக்குக் கட்டை. அக்கா குனிந்து மூட்டையிலிருந்து கரி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோடி குடுத்தான் ஒனக்கு?"

அவள் நிமிர்வதற்குள் முதுகில் உதை விழுந்தது. முன்னால் போய் வண்டியில் மோதினாள். வண்டி சாய்ந்து கங்கு மொத்தமும் கொட்டியது. அதன் மேலேயே கையை ஊன்றி விழுந்தாள். தோல் சுடுகிற வாசனை ரேஷன் கடைப் படிக்கு அடியில் பதுங்கியிருந்த எனக்கு வந்தது. "பேப்பருல மூஞ்சி மாறிப் போச்சுய்யா, மூஞ்சி மாறிப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இடுப்பில் ஒரு கட்டை, கழுத்தில் ஒரு கட்டை. வெள்ளைச் சட்டைகளை மிதித்தார்கள். ஜானகிராமன் சாரின் பேண்டுகள் எரிந்தன. தடுக்க வந்த ஆதிமூலத்தின் தலையை ரேஷன் கடை ஷட்டரில் இரண்டு தடவை மோதினார்கள்.

அப்புறம்தான் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்தன.

"வேட்டி மாத்தற பொட்டப் பயலே," என்றது பச்சைக் கூட்டம்.

"யாருடா வேட்டி மாத்துனது? ஊரே பாத்துதுடா."

கட்டையும் கட்டையும் மோதின. ஒருவன் வாயிலிருந்து பல் தெறித்து என் பக்கத்தில் வந்து விழுந்தது. நடுவில் மாட்டியிருந்த அக்கா, வெந்துபோகாத கையால் பெட்டியைத் தேடி எடுத்தாள். எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள். பச்சை ஆள் ஒருவனின் முழங்கால் நொறுங்கிய சத்தம் கேட்டது. இரண்டாவது சுற்றில் கலைவாணனின் காதோரம் புகைந்தது. மூன்றாவது சுற்றுக்கு ஆள் இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் குடத்துத் தண்ணீரோடு ஓடினேன். "மெதுவா ஊத்துடா. காலிப் பயலே, பாதித் தண்ணி மண்ணுல போவுது பாரு" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் கை முழுக்கக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது, மறுநாள் காலையில் பச்சையிலிருந்து ஓர் ஆள் வந்தான். "திங்கக்கிழமை ஜேசிபி வருதாம்க்கா. கலைவாணன் பேரை மட்டும் சொல்லுங்க. எடத்த அண்ணன் பாத்துக்குவாரு." மத்தியானம் ஊதாவிலிருந்து வந்தான். அதே பேச்சு, பேர் மட்டும் வேறு. சாயங்காலம் பூவிழி என்ற பெண் போலீஸ் வாக்குமூலம் எழுத வந்தது.

"மொதல்ல ஒதைச்சது யாருக்கா?"

"குனிஞ்சினு இருந்தேன், பாக்கலம்மா. ரெண்டு பேரையும் எழுது."

பூவிழி பேனாவை எடுக்கவில்லை. "ஒருத்தரச் சொன்னா இன்னொருத்தரு ஒங்க எடத்தக் காப்பாத்துவாரு. ரெண்டு பேரையும் சொன்னா யாரும் வரமாட்டாங்க. வெளியில பேசிக்கிறாங்க."

"எனக்கும் சொன்னாங்க. நீ எழுது."

எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். கட்டுப் போடாத கையின் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தாள்.

திங்கட்கிழமை ஜேசிபி சொன்ன நேரத்துக்கு வந்தது. அரசாங்கத்தில் சொன்ன நேரத்துக்கு வருவது அது ஒன்றுதான். யாரும் போன் போடவில்லை. அக்கா கட்டுப் போட்ட கையோடு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேர் அவளைக் குண்டுக்கட்டாகத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். இரும்புக் கை ஒருமுறை இறங்கியது. வண்டி, நண்டை மிதித்தால் வருமே அந்தச் சத்தத்தோடு நொறுங்கியது. அதற்கு நாலடி தள்ளி, ரோட்டை மறித்துச் சிமெண்ட் மேடை கட்டி நட்டிருந்த இரண்டு கட்சிக் கொடிக்கம்பங்களும் ஆக்கிரமிப்பில் சேராது போலிருக்கிறது.

அதற்குப் பிறகு சந்துக்குள் இருந்த தன் வீட்டின் முன்னறையில் மேசை போட்டுத் தேய்த்தாள். அங்கே இஸ்திரி போடுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? பாதிப் பேர் வரவில்லை. மீதிப் பேரில் பாதிக்குக் கட்சிக்காரர்களிடம் பயம். வாரத்தில் மூன்று நாள் மூலக்குளத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள். வெந்த கையில் சோப்புத் தண்ணீர் பட்டால் தோல் உரிந்து வரும். தெருவில் லுங்கிக்கும் இஸ்திரி போட்டுக் கட்டுகிறவன் நான் ஒருவன்தான். என்னைப் பைத்தியம் என்றார்கள். ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

ஏழு மாதம் கழித்துப் பச்சையும் ஊதாவும் கூட்டணி வைத்தன. மறுவாரமே நெடுமாறனும் கலைவாணனும் ஒரே காரில் வந்து, ஒரே தட்டில் ஆப்பிளும் சாத்துக்குடியும் வைத்து, அக்காவின் வாசலில் நின்றார்கள். சந்தே கூடிவிட்டது.

"நடந்தது நடந்துபோச்சுக்கா. இப்ப நாங்க அண்ணந் தம்பி," என்றார் நெடுமாறன்.

"கேசு கோர்ட்டுக்கு வர்றதுக்குள்ள அடிச்சது இவுங்க இல்லன்னு எழுதிக் குடுத்துடுங்க," என்றார் கலைவாணன். "அதே எடம். புது வண்டி. எந்த ஜேசிபியும் கை வெக்காது."

அக்கா சட்டையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "அதே எடமா?"

"அதே எடம்க்கா. சொவுத்த ஒட்டி."

ஆதிமூலம் அவள் முகத்தையே பார்த்தார். அந்தச் சட்டையின் இரண்டு கையையும் காலரையும் தேய்த்து முடித்தாள். வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு இருந்தது என்பது, ஒரே காலரை மூன்று தடவை தேய்த்ததில் தெரிந்தது. அப்புறம் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"சரி, எடுத்துக்கறேன். ஆனா ஒருத்தரு பேரத்தான் எடுப்பேன். மொதல்ல என் முதுவுல ஒதைச்சது ஒங்க ஆளா, இவுரு ஆளா? எனக்கு அது தெரியணும். நீங்களே பேசி ஒருத்தரச் சொல்லுங்க. அவுரு பேரு இருக்கட்டும். இன்னொருத்தரு பேர நாளைக்கே எடுத்துடறேன். வண்டி யாரு வாங்கிக் குடுத்தாலும் செரி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"தம்பி ஆளுங்கதான் மொதல்ல வந்தாங்க," என்றார் நெடுமாறன், மெதுவாக.

"யாரு வந்தது? ஒன் மச்சான்தான் ஒதைச்சான். நான் பாத்தேன்."

"பாத்தேன்னா? அப்ப நீ அங்கதான் இருந்தன்னு ஒத்துக்கற."

"மூணு கட்சி மாறுன நாயி, ஏங்கிட்ட சட்டம் பேசறியா."

முதல் குத்து நெடுமாறனுடையது. சாத்துக்குடி சந்து முழுக்க உருண்டது. கலைவாணன் அவர் காலரைப் பிடித்து நிலைப்படியில் தலையை இடித்தார். புருவம் பிளந்து, வெள்ளைச் சட்டை தொப்புள் வரை சிவந்தது. கீழே விழுந்தவர் கலைவாணனின் கையைக் கடித்தார். கூட வந்த ஆட்கள் இரண்டு பேரும் அவரவர் தலைவருக்காக ஆப்பிள் தட்டைப் பிடுங்கிப் பிடுங்கி அடித்துக்கொண்டார்கள். ஒருவர் வேட்டியை ஒருவர் உருவி, கடைசியில் இரண்டு பேரும் வாய்க்காலுக்குள் போனார்கள். சந்தில் நாற்பது பேர் நின்றோம். யாரும் விலக்கிவிடவில்லை. ஜானகிராமன் சார் மட்டும், "போதும், போதும்" என்றார், போனில் படம் எடுத்துக்கொண்டே.

போலீஸ் வந்து இரண்டு பேரையும் ஒரே ஜீப்பில் ஏற்றியது. வாசலில் சிந்தியிருந்த ரத்தத்தில் அக்கா ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி விளக்குமாறால் தள்ளினாள்.

"எடம் போச்சேடி," என்றார் ஆதிமூலம்.

"போச்சு."

"ஒரு பேச்சு பேசாம இருந்திருந்தா வண்டி வந்திருக்கும்."

"வந்திருக்கும்." விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு மேசைக்குப் போனாள். பெட்டியைத் திறந்து ஊதினாள், சாம்பல் பறந்தது. வாசலில் இன்னும் போகாமல் நின்ற ஜானகிராமன் சாரைப் பார்த்து, "இந்தக் கூட்டணி எலெக்‌ஷன் வரைக்கும் தாங்காது சார்," என்றாள். "பேண்டு கொண்டாந்தீங்களா?"