மட்டிப் படுகையில் நட்ட கம்புகள்

கட்டுமாவடிக்குச் சற்றுத் தெற்கே, சிற்றாறு ஒன்று கடலில் கலக்கும் இடத்தில், இடுப்பளவு நீருக்கடியில் ஒரு மட்டிப் படுகை இருக்கிறது. ஏழெட்டுப் பெண்கள் அங்கே காலால் சேற்றைத் துழாவி, சேற்றில் புதைந்து வாழும் உண்ணும் சிப்பியான மட்டியை எடுத்துப் பிழைக்கிறார்கள். என் மனைவி அந்தப் படுகையில் பன்னிரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் மாதந்தோறும் மட்டிகளை எண்ணிக் குறித்துவந்தார். நாங்கள் இருவரும் புதுக்கோட்டையில் விலங்கியல் கற்பித்தவர்கள். நான் கரும்பலகையோடு நின்றவன். நீரில் இறங்கியவர் அவர்.

அவர் இறந்தபின் குறிப்பேட்டில் இரண்டு மாதங்களுக்கான கட்டங்கள் காலியாகக் கிடந்தன. மூன்றாவது கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று முடிவு செய்து, அறந்தாங்கி வழியாகப் பேருந்தில் சென்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கினேன்.

கம்புகள் கறுத்திருந்தன. விரல்நுனி அளவிலான கருஞ்சிப்பிகள், மயிர்போன்ற நாரால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, மரமே தெரியாதபடி மூடியிருந்தன. இது இந்தக் கடலின் உயிர் அன்று. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்தது. கப்பல்கள் ஒரு துறைமுகத்தில் வயிற்றில் நிரப்பி மற்றொன்றில் கொட்டும் நீரோடு வந்திருக்க வேண்டும். இது பாய்போலப் படர்ந்த இடத்தில் சேறு மூடிக்கொள்ளும். அடியிலிருக்கும் மட்டி மூச்சுவிட வழியின்றிச் சாகும்.

கொத்தனார் கரண்டி ஒன்றை வாங்கி, மாதந்தோறும் பன்னிரண்டு கம்புகளையும் சுரண்டினேன். சுரண்டியது காலடியில் விழுந்தது. பெண்கள் எட்ட நின்று பார்த்தார்கள்.

"சார் கம்புக்குச் சவரம் பண்ணி விடுறாரு. அடுத்த தடவ வர்றதுக்குள்ள தாடி மொளச்சிருது" என்றார் அவர்களுள் மூத்தவர்.

"மீசைய மட்டுமாவது விட்டு வைங்க சார்" என்றார் இன்னொருவர்.

நானும் சிரித்தேன். அப்போது அதில் சிரிப்பைத் தவிர வேறெதுவும் எனக்குக் கேட்கவில்லை.

கடல் ஆய்வில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் ஒருநாள் உடன் வந்து பார்த்தார். "எடம் புடிச்சிருச்சு சார். இனிமே எடுக்க முடியாது. நாமதான் பழகிக்கணும்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் வீட்டிலும் கேட்டிருந்தேன். துக்கம் விசாரிக்க வந்த எல்லோரும் அதைச் சொல்லிவிட்டே காப்பி குடித்தார்கள். எனக்குப் பழகிக்கொள்ளும் எண்ணம் இல்லை. மாணவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

தை மாதத்தில் ஒரு மாலை, கம்புகளுக்கு அருகிலும் அவற்றுக்கு இடையிலும் எடுத்திருந்த எண்ணிக்கைகளை வரைதாளில் குறித்துக்கொண்டிருந்தேன். மட்டி செத்த இடங்களைக் கறுப்பு மையால் நிரப்பினேன். தாளில் பன்னிரண்டு வட்டங்கள் விழுந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கம்பு.

மெத்தென்ற சேற்றில் அந்தச் சிப்பிக்கு முதலில் பிடிப்பில்லை. பிடிப்பைக் கொடுத்தவை கம்புகள். சுரண்டலில் விழுந்த துண்டுகள் விழுந்த இடத்திலேயே நார்விட்டு ஒட்டின. கலைக்கப்பட்ட சிப்பி தன் முட்டையையும் விந்தையும் நீரில் விட்டுவிடக்கூடும். முப்பது ஆண்டுகள் இதைப் படம் வரைந்து கற்பித்தவன் நான்.

கம்பிலிருந்துதான் சிப்பி பரவுகிறது என்பது தெரியுமா என்று மறுநாள் மூத்தவரிடம் கேட்டேன்.

"தெரியும் சார்" என்றார்.

"ஏன் சொல்லவில்லை?"

"டீச்சரம்மா நட்டதுங்க. நீங்க வந்து அதத் தொட்டுக்கிட்டு நிக்கிறீங்க. புடுங்குங்கன்னு எந்த வாயால சொல்லுறது? ஒங்க மனசு ஆறாம போயிருமோன்னு நாங்களும் சும்மா இருந்துட்டோம்."

அவர்களுடைய படுகை அது. என் மனம் நோகக் கூடாது என்பதற்காக அதில் ஒரு பங்கை அவர்கள் இழந்திருந்தார்கள்.

அன்றே பிடுங்கத் தொடங்கினோம். முதல் கம்பு அசையவில்லை. "நேரா இழுக்காதீங்க. ஆட்டி ஆட்டி எடுங்க சார், அங்கிட்டு ஒருத்தரு பிடிக்கட்டும்" என்றார் மூத்தவர். ஒரு துண்டும் நீரில் விழாதபடி ஒவ்வொன்றையும் சாக்கில் சுற்றிக் கரைக்குக் கொண்டுவந்தோம். சேற்றுக்குள் இருந்த பகுதியில் சிப்பி இல்லை. எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும் என்று என் மனைவி கத்தியால் இட்ட வெட்டுக்குறி, பன்னிரண்டிலும் ஒரே உயரத்தில், துல்லியமாக இருந்தது.

"ஒண்ணையாவது வீட்டுக்குக் கொண்டு போங்களேன்" என்றார் மூத்தவர்.

"வேண்டாம். எல்லாவற்றையும் எரித்துவிடலாம்."

வெயிலில் காயவைத்து, அலை எட்டாத மேட்டில் எரித்தோம்.

இப்போது படுகையில் கம்பு இல்லை. நான் நிற்க வேண்டிய இடத்தைப் பெண்கள் காலால் கண்டு சொல்கிறார்கள்: "இங்கிட்டு வாங்க, இன்னும் ரெண்டு எட்டு." எண்ணி முடித்தபின், சேற்றில் படர்ந்திருக்கும் சிப்பிப்பாயை எல்லோரும் கையால் உரித்துச் சாக்கில் போட்டுக் கரையேற்றுகிறோம். கைகள் கிழிகின்றன. சென்ற மாதம் பதினொரு இடங்களில் சுழியம் என்று எழுதினேன். நான்காம் கம்பு நின்ற இடத்தில் சுண்டுவிரல் நகமளவில் இரண்டு மட்டிகள் இருந்தன. அளந்து, திரும்பப் புதைத்தேன்.

நேற்று மாணவர் தொலைபேசியில் கேட்டார். "இன்னும் போறீங்களா சார்? எவ்வளவு எடுத்தாலும் அது திரும்ப வரும்."

"வரட்டும். நானும் வருவேன்" என்றேன்.

இன்று காலை முதல் பேருந்தில் ஏறினேன். மடியில் குறிப்பேடு, காலடியில் ஆறு சாக்குகள்.