மேனேஜரின் இடுப்புவலி

இப்போது நான் இருக்கும் ரூவியில், வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் தங்க முலாம் பூசிய சோபா ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். வளைந்த கால், முதுகில் செதுக்கிய பூ, சிவப்பு வெல்வெட். வளைகுடாவில் இதற்கு லூயி சோபா என்று பெயர். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. சோபா பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. முன்பு ஷார்ஜாவில் இதே மாதிரி சோபாக்கள் விற்ற கடையில் எனக்கு மேனேஜராக இருந்தவரை நினைத்துத்தான் இந்தக் குமட்டல்.

அவர் சென்னைக்காரர், நிறையப் படித்தவர். பிரெஞ்சு அரசர்கள் என்றால் உயிர். வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்ததும் தொடங்கிவிடுவார். வளைந்த கால் என்றால் பதினைந்தாம் லூயி, நேரான கால் என்றால் பதினாறாம் லூயி. அந்தப் பதினாறாமவரின் தலையை வெட்டிய கதையை மட்டும் சொல்லமாட்டார், வியாபாரம் கெட்டுவிடுமாம். அவருடைய குலதெய்வம் பதினான்காம் லூயி. அந்த மகாராஜா காலையில் படுக்கையை விட்டு எழுவதைப் பார்க்கப் பிரபுக்கள் கூடி நிற்பார்களாம். சட்டையை எடுத்துக் கொடுக்கப் போட்டியாம். மலம் கழிக்கும் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் நிற்கும் உரிமையைக் காசு கொடுத்து வாங்கினார்களாம். இதையெல்லாம் மதியச் சாப்பாட்டு வேளையில் கண்கள் பளபளக்கச் சொல்வார். நான் தயிர்சாதத்தை மூடி வைத்துவிடுவேன்.

படித்ததோடு விட்டாரா? காலையில் எல்லோரும் அவருடைய அறைக்குப் போய் வரிசையாக நிற்க வேண்டும் என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். இட்லியைச் சாம்பாரில் தோய்த்து, விரலைச் சப்பிக்கொண்டே எங்கள் குறைகளைக் கேட்பார். லீவ் கேட்பதாக இருந்தால் அப்போதுதான் கேட்க வேண்டும். வேறு நேரத்தில் கேட்டால் மாஃபி, கிடையாது. சூப்பர்வைசர் தண்ணீர் டம்ளரை ஏந்தி நிற்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு.

ஒருமுறை மேனேஜருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சட்டைக்கு மேல் அகலமான கறுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு வந்தார். பதினான்காம் லூயிக்கு ஆசனவாயில் புண் வந்து அறுவை செய்தபோது, வலியே இல்லாத பிரபுக்களும் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தார்களாம். இதுவும் அவர் சொன்ன கதைதான். அதை யாரும் மறக்கவில்லை போலிருக்கிறது. சில நாட்களில் சூப்பர்வைசர் இடுப்பில் ஒரு பெல்ட். அப்புறம் ஸ்டோர்கீப்பர். அப்புறம் சேல்ஸ் ஆட்கள். தங்களுக்கும் அதே இடத்தில்தான் இழுக்கிறது என்று ஆளாளுக்குத் தொட்டுக் காட்ட, மேனேஜர் பூரித்துப் போனார். முதுகெலும்பே இல்லாதவர்களுக்கு இடுப்புவலி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கடை டெலிவரி அண்ணனுக்கு அடிபட்டது. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஷார்ஜாவிலேயே முவைலா பகுதியில் ஒரு கட்டடத்தில், லிஃப்ட்டில் நுழையாத சோபாவைப் படியில் ஏற்றியபோது இடுப்பில் ஏதோ பிசகி, ஒரு கால் மரத்துப்போனது. இனி எடை தூக்கினால் நடக்கவே முடியாமல் போகலாம் என்று சொல்லி, டாக்டர் பெல்ட் கட்டி அனுப்பினார். ஊருக்குப் போய் வைத்தியம் பார்க்க லீவ் வேண்டும். மறுநாள் காலை அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

மேனேஜர் அவருடைய பெல்ட்டைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "நீயுமாப்பா?" என்றார். குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. அண்ணன் சொல்ல வந்தது அவர் காதில் ஏறவே இல்லை. நான் குறுக்கே புகுந்து, இவருக்கு நிஜமாகவே அடிபட்டிருக்கிறது என்றேன். எல்லோருக்கும் நிஜம்தானே மேடம் என்று சூப்பர்வைசர் என் வாயை அடைத்தார். அண்ணனுடையது நிஜம் என்றால் சூப்பர்வைசருடையது பொய்யாகிவிடுமே. லீவ் கிடைக்கவில்லை. லேசான சாமான்களை மட்டும் தூக்கினால் போதும் என்று உத்தரவானது. அந்தக் கடையில் லேசான சாமான் எது?

அடுத்த வாரம் மேனேஜருக்கு வலி விட்டது. பெல்ட் இல்லாமல் வந்தார். மறுநாளே மற்ற பெல்ட்டுகளும் காணாமல் போயின. அண்ணன் மட்டும் கட்டியபடியே, காலை இழுத்துக்கொண்டு மறுபடி வந்து நின்றார்.

"சார், காலு சுத்தமா வெளங்கலங்க. ஊருக்கு அனுப்பிவிடுங்க சார்."

மேனேஜர் விரலைச் சப்பிவிட்டு நிமிர்ந்தார். அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"எனக்குத்தான் சரியாயிடுச்சேப்பா. உனக்கு இன்னும் என்ன?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அண்ணன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெல்ட்டைக் கழற்றி, சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியில் லோடு ஏற்றப் போனார்.