குசினிச் சுவரில் கரிக்கோடு

ஒன்பது வயதில் எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றும் இருக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்பதில் மண்டூரில் என்னை வெல்ல ஆளில்லை. அம்மாவுக்கு வலது மார்பில் கட்டி வந்து, டவுன் ஆஸ்பத்திரியில் அந்த மார்பையே எடுத்துவிட்டார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. பெரியம்மா வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுக்குக் குசுகுசுத்ததை வைத்து நானாகவே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த பெருமையில் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டும் திரிந்தேன். அழவேண்டிய விஷயம் அது என்று தோன்றவேயில்லை. இப்போது நினைத்தால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு அறை விடவேண்டும் போலிருக்கிறது.

எனக்கிருந்த துக்கமெல்லாம் வேறு. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் நான் பெரியம்மா வீட்டில் இருக்கவேண்டியதாயிற்று. பெரியம்மா அம்மாவின் அக்கா, அடுத்த வளவுதான், நல்ல மனம். ஆனால் அவள் தலை பின்னிவிட்டால் கண்கள் நெற்றிக்கு ஏறிவிடும். அப்பாவோ கட்டாரில் லொறி ஓடிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் போனில் வந்து, முருகன் கோயில் திருவிழாவுக்கு வந்துவிடுவேன் என்பார். பத்தொன்பது நாளும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அம்மா திரும்பி வந்த அன்று அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தவள், இனி இவளை அந்த ஆஸ்பத்திரிக்கு விடுவதேயில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

வருத்தம் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பிஸ்கட் பெட்டியும் ஆளுக்கொரு புத்தியும் கொண்டுவந்தார்கள். இறால் கிரந்தி, புண்ணை ஆறவிடாது, நண்டும் கிரந்தி, அன்னாசி சூடு, தயிர் குளிர். கடைசியில் அம்மாவுக்குச் சோறும் தண்ணீரும்தான் மிஞ்சின. கையைக் கிளப்பினால் தையல் பிரிந்துவிடும் என்று யாரோ சொல்லிவிட்டுப்போக, அம்மா வலது கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். இரவல் வாங்கிய பொருளைக் காப்பதுபோல் அதை அப்படியே காத்தாள். ஒரு மாதத்தில் தோள் இறுகிப்போயிற்று. காதுக்கு மேலே பூ வைக்கக்கூட அந்தக் கை போகவில்லை.

இந்தப் புத்திகளிலிருந்து அம்மாவைக் காப்பாற்றியவர்கள் கிளினிக்கில் கிடைத்த இரண்டு பெண்கள். இருவருக்கும் அதே ஒப்பறேசன் நடந்திருந்தது. ஒருவர் டவுனில் இருந்த பறங்கி அன்ரி. முழங்காலுக்குக் கீழே தொங்கும் பூப்போட்ட கவுன் போட்டிருப்பார், வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தார், மார்பை எடுத்துப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. மற்றவர் காத்தான்குடி ராத்தா; முஸ்லிம் அக்காமாரை நாங்கள் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். கைத்தறிச் சேலைகளை ஊரூராகக் கொண்டுபோய் விற்பவர், அவருக்கு மூன்று வருடம். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நானும் அம்மாவோடு போனேன். ஆற்றைக் கடக்க நாங்கள் பாதை என்று சொல்லும் மிதவையில் ஏறி, அக்கரையில் பஸ் பிடித்துப் போகவேண்டும். டொக்டரைப் பார்த்து முடிந்ததும் மூன்று பேரும் ஆஸ்பத்திரி மரநிழலில் சோற்றுப் பொதியை அவிழ்ப்பார்கள். நான் நடுவில் உட்கார்ந்து மீன் பொரியலைத் தின்றுகொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பேன்.

"என்னகா இது, கையக் கட்டிப் போட்டிருக்கா?" என்று அன்ரி முதல்நாளே கேட்டார்.

"கிளப்பினாத் தையல் பிரிஞ்சிரும் எண்டாங்க."

"சொன்னவட உடம்பில எத்தின தரம் வெட்டின?"

அம்மா சிரித்துவிட்டாள். ஒப்பறேசனுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதன்பிறகு புத்திமதி என்றால் அதுதான் புத்திமதி. படுக்கும்போது கைக்குக் கீழே தலையணை வை. அந்தக் கையில் ஊசி போடவோ பிறசர் பார்க்கவோ விடாதே, நர்ஸ் மிஸ்ஸி கேட்டால் மற்றக் கையை நீட்டு. தண்ணீர் வாளி தூக்காதே. மீன் வெட்டும்போது முள் குத்தினால் கை வீங்கிவிடும், பிள்ளையைக் கொண்டு வெட்டு. (நான் மீன் வெட்டக் கற்றுக்கொண்டது அன்ரியின் புண்ணியத்தில்தான்.) அன்ரி தன் பையிலிருந்து சின்னத் துணிப்பை ஒன்றை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தார். எடுத்த பக்கத்துக்குப் பஞ்சு மட்டும் வைத்தால் சட்டைக்குள் மேலே ஏறிவிடும், உள்ளே பயறு போட்டுத் தைத்தால்தான் பாரம் நிற்கும் என்றார். எனக்கு அது என் பொம்மைக்கு நல்ல தலையணையாகத் தெரிந்தது. அம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"கண்ணாடி பாக்கிறயா?" என்று ராத்தா மெதுவாகக் கேட்டார்.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டாள்.

"நானும் மூணு மாசம் பாக்கல்ல தங்கச்சி. கண்ணாடியச் சுவருக்குத் திருப்பி வச்சிருந்தன். ஒரு நாள் திருப்பிப் பாத்தன், இருந்து அழுதன், பொறகு சோறாக்கப் போனன். அவ்வளவுதான்."

கைக்கு வழி சொன்னது அன்ரி. சுவரோடு நின்று நண்டு ஊர்வதுபோல விரல்களால் மேலே ஏறவேண்டும். எட்டின இடத்தில் கரியால் ஒரு கோடு போடவேண்டும். மறுநாள் அதைவிட ஒரு நூலாவது மேலே போகவேண்டும். நல்ல கையை உயர்த்தி அது எட்டும் இடத்தில் முதலே ஒரு பெரிய கோடு போட்டுவை, வலது கை அந்தக் கோட்டைத் தொடும் நாளில் நீ முழு ஆள் என்றார்.

ராத்தா அதோடு இன்னொன்றும் சொன்னார். "கோடு ஏறினாச் சந்தோசம். ஏறாம நிண்டாலும் பறவாயில்ல. இறங்கினா மட்டும் ஒரு நாளும் வீட்டில இருக்கப்படாது. அண்டைக்கே இஞ்ச வந்திரணும். என்னோட வாட்டில இருந்த ஒருத்தி நாளைக்கு, நாளைக்கு எண்டு இருந்திட்டா." கோடு இறங்கினால் ஆஸ்பத்திரி. என் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா குசினியில் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் இடது கையால் உயரத்தில் பெரிய கோட்டைப் போட்டாள். ஒப்பறேசனுக்குப் போகுமுன் முருகனுக்குப் பாற்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தாள். குடத்தை இரண்டு கையாலும் தலையில் பிடித்து வீதி சுற்றவேண்டும். "அப்பா வாறத்துக்குள்ள இந்தக் கை அந்தக் கோட்டத் தொடணும் மனே" என்றாள். அதிலிருந்து ஒவ்வொரு காலையும் சுவரில் நண்டு ஊர்ந்தது. விரல்கள் ஏறும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள், நெற்றி வேர்க்கும். நான் பக்கத்தில் நின்று "இன்னும், இன்னும், அடியுங்க அம்மா" என்று மாட்டுவண்டிப் பந்தயம் பார்ப்பவள்போல் கத்துவேன். கோடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறின. பதினைந்து நாளைக்கு ஒருமுறை சேலை மூட்டையோடு எங்கள் ஊருக்கு வரும் ராத்தா நேரே குசினிக்கு வந்து, பெரிய கோட்டுக்கு இன்னும் எத்தனை விரல் என்று அளப்பார். பன்னிரண்டு விரல், ஒன்பது விரல், ஆறு விரல்.

நாலு விரல் இருக்கும்போது ஒருநாள் அம்மா இரண்டு கையாலும் எனக்குத் தலை பின்னினாள். பின்னல் கோணல்தான். அந்தக் கோணல் பின்னலோடு ஊர் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன்.

பிறகு கோடு நின்றது. சில நாளில் விரல்கள் முந்தினநாள் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டன. "இண்டைக்கு அலுப்பாக் கிடக்கு" என்றாள். மறுநாளும் அலுப்புத்தான். அதற்கு மறுநாள் இரண்டு விரல் கீழே. மணிக்கட்டு வரை கை கொஞ்சம் வீங்கிப் பொம்மியிருந்ததையும் பார்த்தேன். வளையலைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். வியாழக்கிழமை ராத்தா வருவார். வந்து அளப்பார், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

புதன்கிழமை பின்னேரம் அம்மா சாமிக்கு விளக்கேற்றப் போன நேரம், நான் முன்னறையிலிருந்து கதிரை ஒன்றை இழுத்துக்கொண்டுவந்து சுவரடியில் போட்டு ஏறினேன். மேலே இருந்த கோடுகளை ஈரத்துணியால் துடைத்தேன். சாம்பல் நிறத்தில் பூச்சு நின்றது. அதற்கும் என்னிடம் மருந்திருந்தது. பெரியம்மாவின் வெற்றிலை வட்டாவிலிருந்து சுண்ணாம்பை அள்ளிவந்து தடவினேன். பளிச்சென்று ஆகிவிட்டது. பெரிய கோட்டையும் விடவில்லை. அதையும் அழித்து, நாலு விரல் இடைவெளி வரும்படி கீழே கீறினேன். கணக்கில் நான் வகுப்பில் முதலாம் பிள்ளை.

அன்றைக்கு அம்மா என் கையைக் கழுவிவிட்டாள். உள்ளங்கை முழுக்கக் கரி, விரல் நுனிகள் சுண்ணாம்பில் வெந்திருந்தன. தேங்காய் எண்ணெய் பூசி ஊதிவிட்டாள். என்னடி செய்தாய் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு நல்ல பொய் ஒன்று தயாராக இருந்தது, அது வீணாய்ப் போயிற்று.

காலையில் அம்மாவின் விரல்கள் ஏறி, உச்சியில் இருந்த கோட்டில் சரியாக நின்றன. சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "பறவாயில்ல, அப்பிடியே நிக்கு" என்றாள். ராத்தா வந்து அளந்தார். நாலு விரல். "இறங்கல்லதானே, மாஷா அல்லாஹ். விடாமச் செய் தங்கச்சி" என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார். அம்மா நீண்ட கைச் சட்டை போட்டிருந்தாள். கிளினிக் நாள் வந்தபோது காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை.

அதன்பிறகு எனக்கு வேலை சுலபமாயிற்று. கோடு இறங்க இறங்க நான் எல்லாவற்றையும் இறக்கினேன். பெரியம்மா தன் சுண்ணாம்பு களவு போகிறது என்று காகங்களைத் திட்டினாள். குசினிக்குள் கதிரை என்னத்துக்கு என்று சொல்லி அதை முன்னறையில் கொண்டுபோய்ப் போடுவாள். ஆனால் எனக்குத் தேவைப்பட்ட பின்னேரங்களில் அது எப்படியோ சுவரடியில் நின்றது. முருகனே எனக்கு உதவி என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் நாலு விரலையும் மூன்று, இரண்டு என்று குறைத்து, திருவிழாவுக்குக் கிட்டவாக அம்மாவின் கை பெரிய கோட்டைத் தொடும்படியும் செய்துவிட்டேன். அன்றைக்கு நான் துள்ளிக் குதித்தேன். அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோசத்தில் அழுகிறாள் என்று நானும் சேர்ந்து அழுதேன்.

அப்பா சொன்னபடி வந்தார். அம்மா பாற்குடம் எடுத்தாள். இடது கைதான் குடத்தைப் பிடித்தது, வலது கை காதுக்கு மேலே போகவில்லை. வலப்பக்கத்தில் பெரியம்மா குடத்தைத் தாங்கியபடி கூடவே நடந்தாள். பால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. திருவிழா முடிந்த மறுநாள்தான் அப்பா அந்தக் கையைச் சட்டையில்லாமல் பார்த்தார். அன்றைக்கே டவுன், அங்கேயிருந்து கொழும்பு. மாரி மழை கொட்டி வயல்வட்டையெல்லாம் வெள்ளம் நின்ற நாட்களில், அப்பா அம்மாவைப் பெட்டியில் கொண்டுவந்தார்.

சாவீட்டுக்கு அன்ரியும் ராத்தாவும் ஒன்றாக வந்தார்கள். அன்ரி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் சட்டையை இழுத்துச் சரிசெய்தார். துணிப்பை இடம் மாறியிருந்ததாம். ராத்தா மட்டும் குசினிக்குப் போனார், நானும் பின்னாலே போனேன். சுவரோடு நின்று தன் கையை உயர்த்தினார். ராத்தா அம்மாவைவிடக் கட்டை. ஆனாலும் அவருடைய விரல்கள் பெரிய கோட்டைத் தாண்டி ஒரு சாண் மேலே போயின.

"இத ஆர் மகள் கீறின?"

"நான்தான்" என்றேன். அம்மாவுக்கு ஏச்சு விழுந்துவிடக்கூடாதே என்று, "அம்மாக்குத் தெரியாது. களவாத்தான் செஞ்சன்" என்றும் சொன்னேன்.

ராத்தா என்னைப் பார்த்தார். பிறகு சுவரடியில் கிடந்த கதிரையைப் பார்த்தார். "யா அல்லாஹ்" என்று அதிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் பொறுத்து எழுந்து முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, பெரியம்மா வருவதற்குள் அத்தனை கோடுகளையும் துடைத்தார். "இத ஒருத்தருக்கும் சொல்லாத மகள்" என்றார். சுவரை அழுக்காக்கியதற்காக என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் முந்தி வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று கொழும்பு டொக்டர் சொன்னதாக அப்பா இன்றும் சொல்வார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது அம்மாவோடு மனதுக்குள் சண்டை பிடிப்பேன். எனக்கு ஒன்பது வயதம்மா, உங்களுக்கு முப்பத்துநாலு, நீங்களாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று கேட்பேன். அந்தப் பத்தொன்பது நாளில் நான் மெலிந்துபோனதை அவள் பார்த்திருக்கிறாள். இனி ஒருமுறை போனால் திரும்பி வரமாட்டோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும். அப்பா வரும்வரை என்னோடு இருப்பது என்று முடிவெடுத்துவிட்டாள்.

கெட்டிக்காரி என்று பேரெடுத்த எனக்கு ஒன்று மட்டும் அப்போது புரியவில்லை. கரியும் துணியும் சுண்ணாம்பும் நான் தேடிக்கொண்டவை. கதிரையை நான் இழுத்துக்கொண்டு வந்தது அந்த முதல்நாள் மட்டுந்தான்.