செவலைக் காளையும் எழுந்திருக்காத கம்ப்யூட்டரும்

செபமாலை ஆவூரில் பிறந்து கந்தர்வக்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவர் ஆரோக்கியதாஸ் ஓமனில் கிரேன் ஓட்டுகிறார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் சோலையப்பனின் ஜெராக்ஸ் கடையில் ஒன்பது வருடமாக அவளுக்கு வேலை. காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பட்டா மாறுதல், காலேஜ் விண்ணப்பம் என்று சுற்றுவட்டாரத்து எழுத்து வேலையில் பாதி அவள் கையால்தான் நடக்கும். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். அவள் வேகத்துக்குக் கடையில் இருந்த கம்ப்யூட்டர்தான் ஈடுகொடுக்கவில்லை.

காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, எதிர்க்கடையில் டீயும் குடித்துவிட்டு வந்தால் திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். ஓர் எழுத்தைத் தட்டினால் அது வந்து சேர்வதற்குள் அடுத்த வரியே மனதில் ஓடி முடிந்துவிடும். ஜூன் மாதம் நர்சிங் விண்ணப்பம் போட வந்த சிவரஞ்சனி என்ற பெண் முக்கால் மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அன்றுதான் கடைசி நாள். போட்டோவை ஏற்றும்போது திரை அப்படியே உறைந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு வார்த்தை கோபமாகப் பேசாமல், "பரவால்லக்கா, நான் அங்கிட்டு வேற கடையில பாத்துக்கிறேன்" என்று சான்றிதழ்களைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று செபமாலைக்கு இருந்தது.

அன்று சாயங்காலமே சோலையப்பன் ஒரு முடிவு சொன்னார். ஐம்பத்தைந்து வயது, முந்திரித் தோப்பும் கொஞ்சம் நிலமும் உள்ளவர். கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிட்டுக் கடையையும் மூடிவிடலாம், இனி தோப்பைப் பார்த்தால் போதும் என்றார்.

"எட்டு வருசத்து மிஷினும்மா. வயசாயிட்டா மெதுவாத்தான நடக்கும்?"

"நடந்தாத்தான் பரவால்லையேண்ணே. இது எந்திரிக்கவே மாட்டேங்குது. ஒரு வாரம் டயம் குடுங்க. என்ன ஏதுன்னு பாத்துட்டுச் சொல்றேன். அப்புறமா எடைக்குப் போடுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் அதன் உள்விவகாரம் எதுவும் தெரியாது. ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸில் தட்டத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், திறக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. மறுநாள் கூட்டம் குறைந்த நேரத்தில் போனில் தேடித் தேடிப் படித்து, ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டாள். எந்த புரோகிராம் எவ்வளவு தின்கிறது என்று காட்டும் பட்டியல் ஒன்று உள்ளேயே இருக்கிறதாம், டாஸ்க் மேனேஜர் என்று பெயராம். ஒன்பது வருடத்தில் அதை அவள் திறந்ததே இல்லை.

திறந்தவள் திகைத்துப்போனாள். சுவிட்சைப் போட்டதும் பதினேழு புரோகிராம்கள் சேர்ந்து எழுந்துகொண்டிருந்தன. செத்துப்போன பிரிண்டருக்கு உதவி செய்ய ஒன்று, எவரோ ஏற்றிவிட்டுப் போன சீட்டு விளையாட்டு ஒன்று, வைரஸ் பார்ப்பதற்கு மட்டும் இரண்டு. ஒரு பைலைத் திறந்தால் இது ஒரு தடவை சோதிக்கும், முடிந்ததும் அது ஒரு தடவை சோதிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியலின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தது ஓர் இலவச புரோகிராம். கம்ப்யூட்டரின் வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லி விளம்பரத்தில் வந்தது. பொங்கல் சமயத்தில் அதை நம்பி ஏற்றியது வேறு யாருமில்லை, செபமாலையேதான். வைரஸ் பார்ப்பதில் இரண்டாவது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான்.

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. சத்தமில்லாமல் நீக்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் சோலையப்பன் மத்தியானம் வந்ததும், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே சொல்லிவிட்டாள்.

"அண்ணே, பாதித் தப்பு எம்மேலதான்."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "சரி, மிச்சம் பாதி யாரு மேல?"

செபமாலை திரையை அவர் பக்கம் திருப்பினாள். சி டிரைவின் கோடு முழுக்கச் சிவப்பாக இருந்தது. மூச்சுவிட இடமில்லை. அதை அடைத்துக்கொண்டிருந்தது திரையின் நடுவில் 'செவலை' என்ற பெயரோடு இருந்த ஒரே ஒரு போல்டர்.

செவலை சோலையப்பனின் ஜல்லிக்கட்டுக் காளை. தச்சங்குறிச்சி வாடிவாசலில் மூன்று வருடம் ஒருவர் கையிலும் சிக்காதது. முந்தின வருடம் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு செத்துப்போனது. அதிலிருந்து தினமும் மத்தியானம் கடைக்கு வந்து, ஒரு வீடியோவாவது பார்த்துவிட்டுத்தான் அவர் சாப்பிடப் போவார். யார் யாரோ இணையத்தில் போட்டிருந்த வீடியோக்களையும், மூடினால் மறுபடி கிடைக்காது என்று முப்பது டேபுக்கு மேல் திறந்தபடியே வைத்திருந்தார். அவற்றை யாரும் தொடக்கூடாது என்பதுதான் கடையில் அவர் போட்டிருந்த ஒரே சட்டம்.

சோலையப்பனுக்குப் புரிந்துவிட்டது.

"அழிக்கப் போறியா?"

"இல்லண்ணே. வேற எடத்துல பத்திரமா வைக்கப்போறேன். ஒண்ணுக்கு ரெண்டா."

வெளியிலிருந்து மாட்டிக்கொள்ளும்படியான இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கிவரச் சொன்னாள். வாங்கிவந்தார். நகலெடுக்கவே ஒன்றரை நாள் ஆனது. எடுத்ததும் அழித்துவிடாமல், ஒவ்வொரு வீடியோவையும் புதிய டிஸ்க்கிலிருந்து திறந்து பார்த்தாள். சோலையப்பன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இது எந்த ஊர், அன்றைக்கு வெயில் எப்படி, பிடிக்க வந்தவன் எங்கே போய் விழுந்தான் என்று கதை சொன்னார். பத்திரிகை அடிக்க வந்தவர்களும் வேலையை மறந்து நின்று பார்த்தார்கள். ஒரு வீடியோ மட்டும் திறக்கவில்லை. நடுவில் கரண்ட் போனபோது அரைகுறையாக நின்றுவிட்டிருந்தது. அவருக்கு முகமே மாறிவிட்டது. பழையது அப்படியே இருக்கிறது என்று காட்டி, திரும்ப எடுத்துக்கொடுத்தாள். டேபுகளையெல்லாம் புக்மார்க் செய்து ஒரு பட்டியலாக்கினாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள்.

"டெலீட்ட நீங்களே அழுத்துங்கண்ணே."

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு டிஸ்க்கும் மேஜை மேல் இருப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டு அழுத்தினார். சிவப்புக் கோடு சடசடவென்று குறைந்து நீலமானது.

வியாழக்கிழமை பெட்டியை வாசலுக்குத் தூக்கிவந்து திறந்தாள். ரோட்டுப் புழுதியும் ஜெராக்ஸ் தூளும் சேர்ந்து, காற்றாடி கம்பளி போர்த்திக்கொண்டிருந்தது. காற்றுப் போகாமல் சூடு ஏறினால் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று படித்திருந்தாள். பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்து, ப்ளோயரால் காற்றடித்துச் சுத்தம் செய்தபோது இரண்டு பல்லி முட்டை ஓடும் வந்தது.

கடைசியாக மிச்சமிருந்தவை உண்மையாகவே வயதின் குறைகள். நாலு ஜிபி ராம் மெமரியை வைத்துக்கொண்டு போட்டோ வேலையும் விண்ணப்பமும் ஒரே நேரத்தில் ஓடாது. உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கோ இந்தக் காலத்துக்கு ரொம்ப நிதானம். புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப்போய் சுழலாமல் வேகமாக ஓடும் எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றும் கூடுதல் ராமும் வாங்கி வந்தாள். மாட்டிவிட்டு சுவிட்சைப் போட்டால் திரை இருட்டாகவே இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி திறந்து பார்த்தால், ராம் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. டக்கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினாள். விண்டோஸை ஏற்றி முடித்து, அணைத்துப் போட்டபோது இருபது விநாடியில் எழுந்து நின்றது.

சோலையப்பன் அணைக்கச் சொல்லி, போடச் சொல்லி, நாலு தடவை பார்த்தார். தோப்பைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. கடை போர்டில் 'கம்ப்யூட்டர் சரிபார்க்கப்படும்' என்று ஒரு வரி சேர்ந்தது. இந்தப் பக்கம் கறம்பக்குடியிலிருந்தெல்லாம் அவளைத் தேடி வருகிறார்கள். எதைத் திறந்தாலும் முதலில் அவள் கேட்பது, "இதுல அழியக்கூடாதது என்ன இருக்கு?"

போன மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது கம்ப்யூட்டர்களைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். சோலையப்பன் வண்டி ஓட்ட, ப்ளோயரை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனாள். எட்டை முடித்துவிட்டு, இருப்பதிலேயே மோசம் என்று டீச்சர் ரம்யா சொன்ன ஒன்பதாவதிடம் வந்தாள். பட்டியலைப் பார்த்தாள், டிஸ்க்கைப் பார்த்தாள், பெட்டியைத் திறந்தும் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. ஆனால் அம்புக்குறி மட்டும் நத்தை மாதிரி நின்று நின்று நகர்ந்தது. செபமாலை அந்த வயரில்லாத மவுஸைத் திருப்பி மூடியைக் கழற்றினாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தரச் சொன்னாள். அதிலிருந்த பேட்டரியை எடுத்து மவுஸில் போட்டதும் அம்புக்குறி திரையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பாய்ந்தது.

"கடிகாரத்துக்கு ஒரு பேட்டரி வாங்கி மாட்டிருங்க டீச்சர். நான் வாரேன்" என்றாள். ரம்யாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.