சங்கரா, வஞ்சிரம், மோகனம்

அம்மா எந்தக் கச்சேரிக்குப் போனாலும் திரும்பி பஸ் ஏறுவதற்குள் நாலு குற்றம் சொல்லிவிடுவாள். என் வாசிப்பைப் பற்றி மட்டும் ஒரு குற்றமும் சொன்னதில்லை. அதுதான் என் மனக்குறை.

நான் வாசிப்பது செல்லோ. வயலினுக்குப் பெரியம்மா மாதிரி இருக்கும். கூடவே காலடியில் ஒரு பெடல். மிதித்தால், வாசித்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதன்மேல் அடுத்ததை வாசிப்பேன்.

"நீ கொஞ்சம், மெஷின் மீதி. ஏமாத்து வேலடி இது. இதுல நான் என்னத்த தப்பு சொல்றது?" என்பாள் அம்மா.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வைத்திக்குப்பத்தில் என் வாடகை வீட்டுக் கூடத்தில், நான் புதிதாக எழுதிய இசையை அக்கம்பக்கத்தாருக்கு வாசித்துக் காட்டினேன். அரியாங்குப்பத்திலிருந்து அம்மாவும் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பெடலுக்குப் போகும் மைக்கில் ஃபேன் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்த மகா புத்திசாலி நான்.

மோகன ராகத்தில் நாலு சுரம் வாசிக்கப் பெடலை மிதித்தேன். அதே நேரம் தெருவில் மீன்கார அக்கா, "சங்கராஆ... வஞ்சிரம்!" என்று கூவினாள். பெடல் என்னைவிட அவளைத்தான் நன்றாகப் பிடித்தது. "சங்கராஆ... வஞ்சிரம்!" மறுபடியும். மறுபடியும். எனக்கு வியர்த்துவிட்டது. நிறுத்தினால் மானம் போகும். அவள் குரல் என் பஞ்சமத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. வேறு வழியில்லை, நானும் விரலை நகர்த்தி அவளோடு சேர்ந்துகொண்டேன்.

அம்மா எழுந்து ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"இரும்மா, போயிடாத! சங்கரா கிலோ எப்டி?"

தெருவில் யாருமில்லை. மீன்கார அக்கா எப்போதோ முனை திரும்பிவிட்டாள். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர், "சங்கராஆ... வஞ்சிரம்!" என்றது. கூடமே சிரித்தது. அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு உட்கார்ந்து தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள்.

பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். வழியெல்லாம் மீன் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அவ சங்கரான்னு எவ்ளோ அழகா இழுக்கறா. நீ ஏண்டி அதுக்குள்ள ஓடுற? நின்னு வாசி."