நாலு எட்டுக்கு ஒரு திரும்பல்

இதைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்று பல வருடங்களாக எனக்கே சந்தேகம். கணினியில் மனித உருவங்களை நடமாட வைக்கும் தொழிலில், முகம் கொஞ்சம் மாறினாலும் மன்னிப்பார்கள். நடை மாறினால் மன்னிக்க மாட்டார்கள். இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாதி மனிதர்

இரண்டாயிரத்தின் தொடக்கம். மதுரையில் ஒரு பட்டுக் கடைக்காரர், காலமான தன் அப்பா கடைக்குள் நடந்து வந்து கும்பிடுவதுபோல் கேபிள் டிவிக்கு விளம்பரம் கேட்டார். கொடுத்தது ஒரே புகைப்படம், அதிலும் அவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வழக்கமாகச் செய்வதுபோல் இடது கை கால் அசைவை மட்டும் செய்து, அதையே வலது பக்கத்துக்குப் பிரதி எடுத்தேன். அப்படி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அசைகிற ஆள் எங்கே இருக்கிறார்? கடைக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூஞ்சி எங்கப்பாதான் சார். நடந்து வாரதுதான் யாருன்னு தெரியல."

ராமையா அண்ணன்

கடையில் முப்பது வருடமாக மெத்தையில் உட்கார்ந்து சேலை விரித்துக் காட்டியவர் ராமையா அண்ணன். அவரிடம் கேட்டேன். எழுந்து நடந்து காட்டினார். வலது கை தொடையைத் தட்டியது. நாலு எட்டுக்கு ஒரு தடவை தலை மட்டும் பின்னால் திரும்பியது. எண்ணி எண்ணிக் குறித்துக்கொண்டேன்.

"இம்புட்டுதான் மாப்ள, முதலாளி. நம்மள நம்ப மாட்டாரு, அதான் திரும்பித் திரும்பிப் பாப்பாரு."

அம்மா பார்த்தது

திரையில் அந்தத் தலை திரும்பியதும் கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த அவருடைய அம்மா அவர்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் மகனிடம் ஏதோ சொன்னார். கடைக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார்: "அப்பா திரும்பியே பாக்க மாட்டாருங்கிறாங்க. அவங்க வீட்ல பாத்ததச் சொல்றாங்க. நீங்க மாத்தாதீங்க சார்."

நான் மாற்றவில்லை.

வாரிசு

பல வருடம் கழித்து என் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டே எதிரே வந்தார். நாலாவது எட்டில் தலை பின்னால் திரும்பியது. முன்பு அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பெருமையாகச் சொன்னார்: "வயசாக ஆக அப்பா நடை வந்துருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க சார். ரத்தம்ல?"

அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கடை வேலையை விட்டுவிட்டுத் திருமங்கலத்தில் இருந்த ராமையா அண்ணனைத் தேடிப் போய், கேட்க வாய் வராமல் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினேன்; பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தவரின் கை தொடையைத் தட்ட, நாலாவது எட்டில் தலை திரும்ப, ஒரு குடும்பத்துக்கே யாரை அப்பாவாக்கினேன் என்ற பயத்தில் கேட்டே விட்டேன்: "அண்ணே, அன்னைக்கு நீங்க நடந்து காட்டுனது முதலாளியவா, உங்களையா?"