அவித்த கிழங்கும் பச்சைக் கிழங்கும்

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படித்தவர்கள் இரண்டே பேர்: நானும் எதிர் லயத்து வரிசை வீட்டுத் தோழியும். ஆசிரியர் மாற்றலாகிப் போனபின் பாடப்புத்தகமும் அவளுடைய கைப்பேசியும்தான் எங்களுக்கு வாத்தியார். ஹட்டனிலிருந்து விஞ்ஞான அதிகாரி ஒருவர் வருகிறார், அவர் முன்னால் ஒரு செய்முறை செய்துகாட்டுங்கள் என்றார் அதிபர். அவர் திருப்திப்பட்டால் புது ஆசிரியர் கேட்கலாம்; இல்லாவிட்டால் இருவரும் கலைப்பிரிவுக்கு மாறிவிட வேண்டியதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாறுவதாவது, மண்ணாங்கட்டியாவது!

நாங்கள் எடுத்துக்கொண்டது நொதியம், அதாவது என்சைம். காயம் கழுவுகிற ஐதரசன் பேரொட்சைட்டு தானாகவே தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் உடையும். ஆனால் ஆமை வேகம். போத்தலில் மாதக்கணக்கில் கிடக்கும். அதில் ஓர் ஈரல் துண்டைப் போட்டால், ஈரலில் இருக்கும் நொதியம் அதே வேலையைக் கண்மூடித் திறப்பதற்குள் செய்து நுரை பொங்கவைக்கும். படித்த அன்றே எனக்குக் கை பரபரத்தது.

ஈரலுக்கு எங்கே போவது? மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். அது முடியும்வரை லயத்துப் பக்கம் கருவாட்டு வாசம்கூட வராது. ஈரல் என்று வாயெடுத்தாலே அம்மா முதுகில் ஒன்று வைத்திருப்பாள். நல்லவேளை, பச்சை உருளைக்கிழங்கிலும் அதே நொதியம் உண்டு என்று புத்தகம் சொன்னது. நல்ல கிழங்காகப் பார்த்து வாங்கி அடுப்படியில் வைத்தேன். நாளைக்குப் பெரிய அதிகாரி வருகிறார், இது அவருக்காக, யாரும் எடுத்துவிடாதீர்கள் என்று அம்மாவிடம் சொல்லியும் வைத்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

மறுநாள் அதிகாரி எங்கள் மேசைக்கு எதிரில் வந்து நின்றார். பக்கத்தில் அதிபர். அம்மா கட்டித் தந்திருந்த பையிலிருந்து நான் ஒரு கிழங்கை எடுத்துக் கத்தியை வைத்தேன். கத்தி சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. பச்சைக் கிழங்கு அப்படியா வெட்டுப்படும்? பைக்குள் பார்த்தால், அடியில் ஒரு டப்பாவில் தேங்காய்ச் சம்பல். வெளியாள் வந்தால் கிழங்கை அவித்துச் சம்பலோடு கொடுப்பதுதான் எங்கள் லயத்து மரியாதை. அம்மா அத்தனை கிழங்கையும் தோலோடு அவித்து அனுப்பியிருக்கிறாள்!

எனக்கு அழுகை முட்டியது. வேறு வழியில்லாமல் ஒரு துண்டைச் சோதனைக் குழாயில் போட்டுத் திரவத்தை ஊற்றினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அதிபர் கூரையைப் பார்த்தார். தோழி என் முகத்தைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், எழுந்து ஓடினாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு சமைக்கிற அறையிலிருந்து ஒரு பச்சைக் கிழங்கோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

அதை வெட்டி இன்னொரு குழாயில் போட்டு ஊற்றியதுதான் தாமதம், நுரை குபுகுபுவென்று வாய்வரை ஏறியது. கோயிலிலிருந்து கொண்டுவந்த ஊதுபத்தியின் கனன்ற நுனியை நுரைக்கு மேல் காட்டினேன். குப்பென்று சுடர் விட்டது. ஒட்சிசன்! நான் துள்ளியே விட்டேன். நுரை அடங்கியதும் அதே துண்டின்மேல் மறுபடி ஊற்றினேன், மறுபடியும் பொங்கியது. வேலையை விரைவாக்குமே தவிர, நொதியம் தான் செலவாகிப் போவதில்லை.

அதிகாரி அசரவில்லை. முதல் குழாயைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப இது ஏன் பொங்கல?"

பிழையாகிவிட்டது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அந்த நொடியில் எல்லாம் விளங்கியது. இது பிழையே இல்லை!

"அது அவிச்ச கிழங்கு சேர். சூட்டுல நொதியத்தோட உருவமே கொலைஞ்சு போகும். அதுக்குப் பொறகு அதால எதையும் புடிச்சு ஒடைக்க ஏலாது."

தோழிக்கும் வேகம் வந்துவிட்டது. அவளுடைய அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கொழுந்தை நசுக்கிப் பரப்பினால் செம்பு நிறமாவதும் ஒரு நொதியத்தால்தான், பதம் வந்ததும் சூட்டுக்காற்று அடித்து அதை நிறுத்துகிறார்கள், அதுவும் அவித்த கிழங்கும் ஒன்றுதான் என்று மடமடவென்று கொட்டினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட யார் சொல்லிக் கொடுத்தது என்று அதிகாரி கேட்டார். எங்கம்மா என்றேன். அவர் சிரித்துவிட்டு, மிச்சக் கிழங்கைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டே, ஆசிரியருக்கு ஏற்பாடு செய்வதாக அதிபரிடம் சொன்னார். சாயந்தரம் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கிய அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான், சம்பலுக்கு உப்புச் சரியாக இருந்ததா என்று.

அடுத்த தவணைக்குப் பள்ளிக்கூடம் திறந்தபோது புது உயிரியல் ஆசிரியை வந்தார். முதல் செய்முறைக்கே கிழங்கு கொண்டுவரச் சொன்னார். அம்மா சட்டியைக் கையில் எடுத்தவள், அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

"அவிக்கவா, வேணாமா?"

"ரெண்டும் வேணும்மா."